சாட்சி சொல்கிறவன் நடத்தும் இதழ்

(தலித் மாணவர்கள் கூடிய படிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியமட்டும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கூப்பிட்ட தோழர் ரெண்டு கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஒண்ணு, "நீங்க இன்னும் ஏன் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறீங்க?" ரெண்டாவது, "நாலு பக்க இதழை இத்தனை வருசமா எப்படி நடத்துறீங்க?" முதல் கேள்வியில் கொஞ்சம் கிண்டல் இருக்கு, ரெண்டாவதில் கொஞ்சம் மரியாதை இருக்கு. எனக்கு ரெண்டும் ஒரே கேள்விதான். நான் எதை நம்புகிறேனோ அதற்காகத்தான் இதழ் நடத்துகிறேன். எப்படி நடத்துகிறேன் என்பதையும் அந்த நம்பிக்கைதான் தீர்மானிக்கிறது. ஆகவே ரெண்டையும் சேர்த்தே பேசிவிடுகிறேன்.

இதழைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மாதம் ஒரு முறை, நாலு பக்கம், முந்நூறு பிரதி. ஒரு தங்கச்சி கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறாள். ஜெராக்ஸ் எடுத்து வீட்டுத் திண்ணையில் மடிக்கிறோம். சேரிச் சபைகள், மாணவர் விடுதிகள், ரெண்டு டீக்கடை, ஒரு சலூன் – இவ்வளவுதான் போகிற இடம். இதைப் பெரிய காரியமாக நான் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் இந்த நாலு பக்கத்தைப் பார்த்து எங்கள் பக்கத்தில் சிலர் பயப்படுகிறார்கள் என்பது உண்மை.

முதலில் நம்பிக்கை. நான் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்ணையாள் குடும்பம். இந்தப் 'புராட்டஸ்டண்ட்' என்ற பேர் எப்படி வந்தது என்று எங்கள் சபைகளிலேயே பலருக்குத் தெரியாது. 1529 ஏப்ரலில் ஜெர்மனியில் ஸ்பெயர் என்ற நகரத்தில் பேரரசின் மன்றம் கூடியது. மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தம் மேற்கொண்டு பரவக் கூடாது என்று பெரும்பான்மை தீர்மானித்தது. சில சிற்றரசர்களும் 14 நகரங்களும் அதை ஏற்க மறுத்து எழுத்தில் கொடுத்தார்கள். கடவுளுக்கு முன்னால் ஒவ்வொருவனும் அவனவனே கணக்குச் சொல்ல வேண்டிய காரியத்தில் பெரும்பான்மை ஓட்டு எங்களைக் கட்டுப்படுத்தாது என்பதுதான் அதன் சாரம். அந்த மறுப்புக்கு வைத்த பேரிலிருந்து வந்ததுதான் புராட்டஸ்டண்ட். அதன் லத்தீன் மூலத்துக்குப் பகிரங்கமாக அறிவிப்பது, சாட்சி சொல்வது என்று பொருள்.

சாட்சி என்ற சொல் நமக்குப் புதுசு இல்லை. ஜெபக்கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து நின்று தனக்கு நடந்ததைச் சொன்னால் அதுக்குப் பேர் சாட்சி. வன்கொடுமை வழக்கில் கூண்டில் ஏறி நிற்பவருக்கும் அதே பேர்தான். ஜெபக்கூட்டச் சாட்சிக்கு அல்லேலூயா கிடைக்கிறது. கோர்ட்டு சாட்சிக்கு மிரட்டல் கிடைக்கிறது. அதனால் பாதிப் பேர் பிறழ் சாட்சியாகிப் போகிறார்கள். இந்த ரெண்டு சாட்சியும் ஒன்றாக வேண்டும் என்பதே என் நம்பிக்கை. சபையில் நின்று 'கர்த்தர் என்னைத் தூக்கிவிட்டார்' என்று சொல்கிற வாய், எங்களை மிதித்தவன் யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் நம்புவதை மூன்றாகச் சுருக்கலாம்.

கடவுளுக்கும் மனுசனுக்கும் நடுவில் தரகன் கிடையாது. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் குருதான் என்று 1520இல் லூத்தர் எழுதினார். இதைச் சேரியில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். பூசாரி போகிறான், நாட்டாமை போகிறான். சபை ஐயரும் போகிறார், கட்சித் தலைவரும் போகிறார். உனக்காக நான் பேசுகிறேன் என்று நடுவில் வந்து உட்காருகிற எழுத்தாளனும் சேர்ந்துதான் போகிறான். நான் உட்பட.

ரெண்டாவது, அவரவர் மொழியில் அவரவர் படிக்க வேண்டும். படிப்பே மறுக்கப்பட்ட சனங்களுக்கு இது வெறும் பக்தி விசயம் இல்லை. எங்கள் பாட்டி கையெழுத்துப் போடக் கற்றதும் வேதப்புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றதும் ஒரே வருசத்தில். அதற்குப் பிறகு பண்ணைக்காரர் கணக்குப் புத்தகத்தில் அவரிடம் கைநாட்டு வாங்க முடியவில்லை.

மூன்றாவது, சாதி பாவம். 'வழக்கம்', 'பண்பாடு', 'ஊர்க் கட்டுப்பாடு' என்று அதுக்கு வேற பேர் வைக்கக் கூடாது. வழக்கம் என்றால் மெதுவாக மாற்றிக்கொள்ளலாம். பாவம் என்றால் அன்றைக்கே விட வேண்டும்.

அப்படியானால் உங்க சபை அன்றைக்கே விட்டுதா என்று நீங்க கேட்பீங்க. விடவில்லை. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு காலத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714–15இல் அச்சானது. தஞ்சாவூர் அரசர் படையில் சிப்பாயாக இருந்த ராஜநாயக்கன் என்பவர் அந்த அச்சுப் பிரதியைப் படித்தார். அவர் பறையர். கத்தோலிக்கராக இருந்தவர், அந்த வாசிப்பின் வழியாக லூத்தரன் சபைக்கு வந்து உபதேசியாராக நிறைய காலம் உழைத்தார். 1733இல் முதல் இந்தியப் புராட்டஸ்டண்ட் குருவாக ஆரோன் அபிஷேகம் செய்யப்பட்டார், அவர் வேளாளர். ராஜநாயக்கனைக் குருவாக்கலாமா என்ற யோசனையும் மிஷனரிகளிடம் இருந்தது. பறையர் கையால் திருவிருந்து வாங்க மற்ற சாதிக்காரர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று தயங்கினார்கள். கடைசிவரை அவர் உபதேசியார்தான். அச்சு அவருக்குக் கதவைத் திறந்தது, பலிபீடம் சாத்தியது. எங்கள் சபையின் மொத்த வரலாறும் இந்த ஒரு மனுசனுக்குள் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் உடனடியாக ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். அது வாசிக்கப்பட்டபோது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். இயேசுவை விட முடிந்தது, சாதியை விட முடியவில்லை. அந்த வரிசையில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்தில் சுவர் வைக்கிறார்கள்.

இது நம்ம நாட்டுச் சாதிப்புத்தி மட்டும்தானா, ஐரோப்பாவில் சுத்தமாக இருந்ததா? அதையும் பார்த்துவிடுவோம். 1525இல் தெற்கு ஜெர்மனியில் விவசாயிகள் எழுந்தார்கள். மெம்மிங்கன் என்ற ஊரில் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதி அச்சிட்டார்கள். அதை எழுதியதில் முக்கியமானவர் செபாஸ்டியன் லோட்ஸர். மிருகத்தோல் பதனிட்டுத் தைக்கிற தொழிலாளி. தோல் வேலை செய்கிற கை எழுதிய சாசனம் என்று நான் அடிக்கடி சொல்வேன். எங்க குருவை நாங்களே தேர்ந்தெடுப்போம் என்பது முதல் கோரிக்கை. கிறிஸ்து எல்லாரையும் மீட்டிருக்கிறார், ஆகவே நாங்கள் யாருக்கும் அடிமைகள் இல்லை என்பது மூன்றாவது. ரெண்டே மாதத்தில் இருபத்தைந்தாயிரம் பிரதி வரை பரவியது என்கிறார்கள். லூத்தர் என்ன செய்தார்? முதலில் பிரபுக்களையும் கண்டித்தார். கலவரம் முற்றியதும், விவசாயிகளை வெட்டிக் கொல்லுங்கள் என்று பிரபுக்களுக்கு எழுதிக் கொடுத்தார். பல பத்தாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களோடு நின்ற தாமஸ் முன்ட்ஸர் தலை வெட்டப்பட்டார்.

லூத்தர் பிறந்தநாளை எங்க சபைகளில் கொண்டாடுகிறபோது நான் லோட்ஸரைப் பற்றித்தான் பேசுவேன். என்னுடைய புராட்டஸ்டண்ட் பரம்பரை அந்தத் தோல் தொழிலாளியிடமிருந்து ராஜநாயக்கன் வழியாக வருகிறது. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நின்றவர்கள் வழியாக வரவில்லை.

நம்ம பக்கத்திலேயும் ஒரு வரிசை இருக்கு. 1885இல் போதகர் ஜான் ரத்தினம் 'திராவிட பாண்டியன்' என்ற இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் அவரோடு சேர்ந்து இயங்கினார். பிறகு அயோத்திதாசர் பௌத்தத்துக்குப் போனார், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். இடையில் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பேரிலேயே பத்திரிகை நடத்தினார். 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று அர்த்தம். மதம் வேறு வேறு. ஆனால் நம்மைப் பற்றி நாமே அச்சடிக்காவிட்டால் மற்றவன் எழுதியதுதான் நம்ம வரலாறு ஆகிவிடும் என்பதில் எல்லாரும் ஒண்ணு.

இனி இதழ் நடத்துகிற முறை. ஐந்து கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் நான் சொன்ன நம்பிக்கையிலிருந்து வந்ததுதான்.

முதல் கட்டுப்பாடு: யாருக்கு நடந்ததோ அவர்தான் பேச வேண்டும். நாங்கள் எழுதிக்கொண்டு வந்ததை அவரிடமே போய் வாசித்துக் காட்டுவோம். அவர் சரி என்றால்தான் அச்சு. இதுக்கு ஒரு நடப்பைச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். ஒரு சேகரத்தில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சுவர். அந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவர், இந்தப் பக்கம் நம்ம சனம். மழைக்காலத்தில் தண்ணி முழுக்க இந்தப் பக்கம்தான் நிற்கும். ஒரு அக்கா, நாத்து நடுகிற வேலை செய்பவர், தன் அம்மாவை அந்தத் தண்ணிக்குள் புதைத்தார். நான் கேட்டு எழுதினேன், கொஞ்சம் இலக்கியமாகவே எழுதினேன். வாசித்துக் காட்டியதும் அவர் சொன்னார்: "தம்பி, நான் கதறி அழுதேன்னு எழுதியிருக்க. நான் அழல. பெட்டி மிதந்துச்சு, அதை நாலு பேரு கம்பால அழுத்திப் புடிச்சாங்க. அதைப் போடு. அழுததைப் போட்டா பாவம்னு சொல்லிட்டுப் போயிருவான். கம்பால அழுத்துனதைப் போட்டா பதில் சொல்லணும்." அவர் சொன்னபடியே போட்டோம்.

பேரைப் போடட்டுமா வேண்டாமா என்று கேட்டேன். "போடு, எங்கம்மா பேரையும் போடு" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். சேகரக் கமிட்டி அவரைக் கூப்பிட்டது. வீட்டுச் சமாச்சாரத்தை வெளியில் கொண்டு போகலாமா, இந்து முன்னால் நம்ம மானம் போகுதே என்றார்கள். மகளுக்குக் கல்யாணம், ஓலை வாசிக்க மாட்டோம் என்றும் ஒருவர் சொன்னார். அந்த அக்கா, "சுவரு வெளியிலிருந்து பாத்தாலே தெரியுதுங்கய்யா, நான் ஒண்ணும் புதுசாக் காட்டிக் கொடுக்கல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ரெண்டு ஞாயிறு சேரிச் சனம் முழுக்கக் காணிக்கை போடாமல் பையைத் திருப்பி அனுப்பினார்கள். கல்யாண ஓலை வாசிக்கப்பட்டது. தண்ணி வடிய வாய்க்கால் வெட்டினார்கள். சுவர் இன்னும் நிற்கிறது. வெற்றி என்று நான் இதைச் சொல்ல வரவில்லை. ஒரு சாட்சி பிறழாமல் நின்றார், அவ்வளவுதான்.

ரெண்டாவது கட்டுப்பாடு: குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலை அதே எழுத்தளவில், அதே பக்கத்தில் முழுசாகப் போடுவோம். இதுக்கு நம்ம தோழர்களே கோவிப்பார்கள். ஆதிக்க சாதிக்காரனுக்கு ஏற்கனவே எல்லாப் பத்திரிகையும் இருக்கே, நம்ம இதழிலும் இடமா என்பார்கள். நான் மெம்மிங்கனைக் காட்டுவேன். அந்தப் பன்னிரண்டாவது கோரிக்கை என்ன தெரியுமா? மேலே கேட்டதில் ஏதாவது வேதத்துக்கு விரோதம் என்று எடுத்துக் காட்டினால் அதை விட்டுவிடுகிறோம் என்பதுதான். உண்மை தன் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தவன்தான் இப்படி எழுத முடியும். கல்லறைச் சுவர் விசயத்தில் கமிட்டியின் பதிலைப் போட்டோம். "முன்னோர் ஏற்படுத்திய வசதி" என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் பத்துப் பக்கம் எழுதினாலும் செய்ய முடியாததை அந்த மூணு வார்த்தை செய்தது.

மூன்றாவது: காசு. சேகரத்திலிருந்தும் வாங்குவதில்லை, கட்சியிலிருந்தும் வாங்குவதில்லை, வெளிநாட்டு உதவியும் இல்லை. சந்தா, கைக்காசு, பழைய பேப்பர் விற்ற காசு. வரவு செலவு கடைசிப் பக்கத்தில் பைசா வரைக்கும் வரும். இடைத்தரகனை எதிர்க்கிறவன் தன் கணக்கை மூடி வைக்கக் கூடாது.

நான்காவது: கேள்விப்பட்டதைப் போடுவதில்லை. ஒரு முறை தோழர் ஒருத்தர் ஒரு போதகர் மேல் பெரிய குற்றச்சாட்டு கொண்டுவந்தார். அந்தப் போதகர் எங்களைத் திட்டாத நாள் இல்லை. போட்டால் நல்லா விற்கும். பார்த்தது யார் என்று கேட்டேன். ஊரே பேசுது என்றார். ஊர் பேசுவதை நம்பித்தான் நம்ம ஆள்களைத் திருடன் என்று கட்டி வைத்து அடிக்கிறார்கள். அதே தராசை நாம் கையில் எடுக்கக் கூடாது. போடவில்லை.

ஐந்தாவது: நம்ம வீட்டுக்குள்ளேயும் சாட்சி சொல்ல வேண்டும். பறையர் அருந்ததியரை எங்கே உட்கார வைக்கிறோம், பள்ளர் பறையர் சண்டையில் யார் குளிர் காய்கிறான், குடித்துவிட்டுப் பொண்டாட்டியை அடிக்கிற தோழர் மேடையில் விடுதலை பேசலாமா – இதெல்லாம் வரும். வந்த மாசத்தில் சந்தா குறையும். குறையட்டும்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு தெரிந்தும் ஏன் வெளியேறவில்லை?

அம்பேத்கர் 1956 அக்டோபர் 14இல் பௌத்தம் தழுவினார். கிறிஸ்தவ மிஷன்கள் மதம் மாறியவர்களிடமிருந்த சாதியை எதிர்த்துப் போராடவில்லை என்று அவர் விமர்சித்தார். அது நியாயமான விமர்சனம். அவர் வழியில் போகிற தோழர்களை நான் தடுத்ததில்லை, அவர்கள் எழுதுவது எங்கள் இதழில் வருகிறது.

சட்டமும் வெளியே வா என்றுதான் கூப்பிடுகிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. 1985இல் சூசை வழக்கில், மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியையே நீக்கச் சொன்னது. 2022இல் ஒன்றிய அரசு நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆதாரம் இல்லை என்ற அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: கம்பால் அழுத்திய பெட்டியை யாராவது ஒருத்தர் தேதி போட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். அதுக்குத்தான் நாலு பக்கம்.

துப்பாக்கி இந்த வித்தியாசம் எதையும் பார்ப்பதில்லை. 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தை ஒட்டிச் செங்கற்பட்டில் போலீஸ் சுட்டதில் செத்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. ரெண்டு பேரையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஜான் தாமஸ், ஏழுமலை. ஆணையத்தின் பட்டியலில் எப்படியோ, சேரியில் அவர்கள் ஒரே பட்டியல்.

நான் ஏன் இருக்கிறேன் என்றால், அந்தக் கோயில் எங்க பாட்டிமார் மண்ணு சுமந்து கட்டியது. சுவர் வைத்தவன் இருந்துகொள்வான், மண்ணு சுமந்தவள் பேரன் வெளியேறணுமா? இது ஒரு காரணம். இன்னொரு காரணம் எளிமையானது: நான் நம்புகிறேன். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொல்லப்பட்ட ஒருவனைக் கடவுள் கைவிடவில்லை என்று நம்புகிறேன். ஊருக்கு வெளியே இருக்கிறவனுக்கு அந்தச் செய்தி எப்படிக் கேட்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக மன்னிப்பு. மன்னிக்கச் சொல்கிற மதத்தில் இருந்துகொண்டு எப்படிப் போராடுவீங்க என்று ஒரு மாணவர் கேட்டார். வேதத்தில் சகேயு என்று ஒரு வரி வசூல்காரன். இயேசு அவன் வீட்டுக்குப் போனதும் அவன் அழவில்லை, பாட்டுப் பாடவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். அப்புறம்தான் இரட்சிப்பு என்ற பேச்சு வருகிறது. பஞ்சமி நிலம் திரும்ப வரட்டும், சுவர் விழட்டும், அப்புறம் மன்னிப்பு பற்றிப் பேச நாங்கள் தயார். திருப்பிக் கொடுக்காதவனை மன்னிக்கச் சொல்வது வேதம் இல்லை, வசூல்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்க கையில் இன்றைக்கு என்னைவிடப் பெரிய வசதி இருக்கு. என்னை மாதிரி இதழ் ஆரம்பிக்கச் சொல்லவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரே ஒரு ஆளிடம் உட்கார்ந்து அவருக்கு நடந்ததைக் கேட்டு எழுதுங்கள். தேதி, இடம், யார் இருந்தது, எல்லாம். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் அடிக்கச் சொன்ன வரியை அடித்துவிடுங்கள், உங்களுக்குப் பிடித்த வரியாக இருந்தாலும். அப்புறம் அவர் பேரைக் கேளுங்கள், அவர் அம்மா பேரையும் கேளுங்கள்.